என் தலையில் தட்டினால்தான் காக்கை சாப்பிடும்

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமின் அடுக்குமாடிக் காக்கைகளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. கழுத்தில் சாம்பல் நிறத் துண்டு போட்ட மாதிரி இருக்கும். மற்ற இடமெல்லாம் எண்ணெய் தடவிய கறுப்பு. நடை மட்டும் வீடு வாங்க வந்த ஆள் மாதிரி. கொடியில் தொங்கும் கம்பி ஹேங்கரை இழுத்துப் போய்க் கூடு கட்டும். என் சட்டை சாக்கடையில் கிடக்கும்.

அதில் ஒன்றுக்கு இடது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு. ஒரு நாள் என் காரின் வைப்பர் ரப்பரை உரித்துக்கொண்டிருந்தது. செருப்பை வீசினேன். பக்கத்துக் காரின் மேல் விழுந்தது. அன்று முதல் நான் காரை நெருங்கினாலே கத்திக்கொண்டு வந்து மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். காக்கை முகத்தை மறக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆடி அமாவாசை வந்தது. செத்துப்போன என் அப்பாவுக்குப் படையல். காக்கை சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு. நாலாவது மாடி நடைபாதைச் சுவரில் இலை போட்டு, சோறும் வடையும் வைத்து, “கா, கா” என்று கத்தினேன். வெள்ளை இறகு எதிர்க் கூரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. வரவில்லை. மற்றவையும் வரவில்லை. மணி ஒன்று.

“உங்க அப்பாதான் அது. இன்னும் கோவம் போகல,” என்றாள் மனைவி.

“அப்பா எதுக்கு என் வைப்பரப் பிச்சிப் போடணும்?”

“அவர என்னைக்காச்சும் அந்தக் காடியில ஏத்திக்கிட்டுப் போயிருக்கீங்களா?”

அவள் தம்பிக்கு இரண்டரைக்கு ஜுருவில் வேலை. தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். வடையையே பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், மன்னிப்புக் கேளுங்கலா. பசி உயிர் போவுது.”

“காக்காகிட்டயா?”

“உங்க அப்பாகிட்ட!”

“நீங்க கீழ போங்க,” என்றாள் மனைவி. “உங்க மூஞ்சி தெரியாட்டி வருவாரு.”

பசியோடு நாலு மாடி இறங்கிப் போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றேன். சனியன் நேராக இறங்கி வந்து மண்டையில் ஓங்கி ஒரு தட்டு.

“அடிச்சிட்டல்ல? போய்த் தின்னு!” என்று கத்தினேன்.

போனது. மேலே கைதட்டல். “மச்சான், அப்பா வடைய எடுத்துட்டாரு!”

மூச்சு வாங்க ஏறிப் போனால், மச்சினன் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் இலை போட்டதும் நானே கீழே போய் நின்றுவிடுகிறேன். ஒரு தடவை மச்சினனின் மோட்டார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். அன்று மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டோம்.