நிற்கக் கூடாத கடிகாரம்

எனக்கு எழுபது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. பேத்தியின் வீட்டுக்காரர் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். பெரிய வட்டத்துக்குள் மூன்று சின்ன வட்டங்கள், ஓரத்தில் அமுக்கும் பொத்தான்கள், சாவியே கொடுக்க வேண்டாமாம். அசைத்ததும் உள்ளே ஏதோ கனமாகச் சர்க்கென்று சுழன்ற அந்தச் சத்தம், சங்ககிரி லாரி செட்டுக்கே என்னைக் கொண்டுபோய் விட்டது. இப்போது அங்கே நால்வழிச் சாலை ஓடுகிறது.

டீசல் குடித்துக் கறுத்த அந்த மண்ணை அம்மா கூட்டுவாள், சின்னப் பிள்ளையான நான் தண்ணீர் சேந்துவேன். முதலாளிக்கு வாதம் வந்து கை விழுந்ததும், கையசைவிலேயே ஓடும் அவருடைய சீமைக் கடிகாரமும் நின்றுபோனது. அது ஓடினால் அவரும் பிழைப்பார் என்று நம்பிய முதலாளியம்மா, அதை என் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார்.

"நின்னுதுன்னா உன்ற ஆத்தாளுக்கு இங்க வேலையில்ல புள்ள. கைய ஆட்டு."

"சரிங்கம்மா."

தண்ணீர் சேந்துகையிலும், சாணி தட்டுகையிலும், கஞ்சி குடிக்கையிலும் ஆட்டினேன். வார் பதிந்த இடம் புண்ணாகி ஈ மொய்த்தது.

"வாட்ச்சு மகராணி, மணி என்னாச்சுங்க?" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மணி பார்க்கத் தெரியாது.

ஒரு காலையில் முதலாளி செத்துப்போனார். கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா அதைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, என்னை அறைந்தார்.

"அவுங்க உசுரையும் நீயே ஆட்டி ஆட்டி உறிஞ்சிப்போட்டயாடி!"

அன்றே அம்மாவையும் துரத்தினார்கள். ஆனால் என் வேலையில் குறையில்லை. அது ஒருநாளும் நிற்கவில்லை.

இவ்வளவையும் எழுத்துக்கூட்டி நானே எழுதி முடித்து, கடைக்குட்டிப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"வாய்விட்டுப் படி சாமி. அழுகாமப் படி."