ஜீப் திருடாத நிருபர்

அந்த ஊர் நாளிதழில் குற்றச் செய்தி எழுதுபவர் அவர். காவல் நிலைய வாசலில் நின்ற போலீஸ் ஜீப்பே ஒருநாள் காணாமல் போனபோது, ஊருக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். வேலி பயிரை மேய்ந்தாலே செய்தி. வேலியையே ஒருவன் பிடுங்கிக்கொண்டு போனால் சும்மா இருக்க முடியுமா?

இன்ஸ்பெக்டரின் மானம் கப்பலேறியது. ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"எங்களுக்கு முன்னாடி உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"எதிர் டீக்கடையில எல்லாருக்கும் தெரியும் சார். உங்களை எழுப்பத்தான் பயந்தாங்க."

நாக்கு செய்த வேலைக்கு உடம்பு லாக்கப்பில் உட்கார்ந்தது. மறுநாள் அவருடைய பத்திரிகையே முதல் பக்கத்தில் படம் போட்டது: 'ஜீப் திருடிய நிருபர் கைது'. 'திருடியதாக' என்று போடக்கூடவா தெரியவில்லை என்று கம்பிக்குள்ளிருந்து பல்லைக் கடித்தார்.

வழக்கு விசாரணையில் நிருபரின் மனைவி சாட்சிக் கூண்டேறினார்.

"ஐயா, இவருக்கு ஜீப் என்ன, சைக்கிளே சரியா வராது. கல்யாணமான புதுசுல என்னைப் பின்னாடி உக்கார வச்சு நேரா சாக்கடையில விட்டாரு. அந்தப் புடவை இன்னும் இருக்கு, வேணும்னா காட்டுறேன்."

நீதிபதி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு, வளாகத்தில் நின்ற ஒரு ஜீப்பை ஓட்டிக் காட்டச் சொன்னார். நிருபர் எதையோ திருகினார், வைப்பர் ஆடியது. எதையோ அழுத்தினார், ஹாரன் அலறியது. பிறகு வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, வரிசையாக இருந்த பூந்தொட்டிகளை மிதித்துவிட்டு நின்றது. வக்கீல்கள் கைதட்டினார்கள். விடுதலை.

அடுத்த வாரமே ஜீப் பக்கத்து ஊர் மெக்கானிக் ஷெட்டில் கிடைத்தது. வீடு மாற்றச் சாமான் ஏற்றுவதற்காக, யாரிடமும் சொல்லாமல் எடுத்துப்போனவன் இன்ஸ்பெக்டரின் மச்சான். வழியில் எஞ்சின் புகைந்ததும் அங்கேயே விட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் இவர் தலை தெரிந்தாலே ஸ்கூட்டருக்கு இன்னொரு பூட்டுப் போட்டார். பள்ளியில் மகளை 'ஜீப்பு' என்று கூப்பிட்டார்கள். அவளா சளைப்பாள்? "எங்கப்பா ஜீப்பு. உங்கப்பா எதைத் திருடினாரு?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வீடே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

விடுதலைச் செய்தியைப் பத்திரிகை உள்பக்கத்தில், மூல வியாதி விளம்பரத்துக்குக் கீழே போட்டிருந்தது. ஆசிரியரிடம் போய் நின்றார்.

"முதல் பக்கத்துல ஏதுப்பா இடம்? பேசாம வேலைக்கு வந்துடு. நடந்ததை மறந்துடலாம்."

"வர்றேன் சார். ஆனா நாம தப்பா எழுதினதைத் திருத்தி எழுதுற வேலை குடுங்க. முதல் பக்கத்துல."

மாதத்துக்கு ஒன்று தேறினால் அதிகம் என்று நினைத்து ஆசிரியர் தலையாட்டினார். முதல் திருத்தம் நிருபருடையது. அப்புறம் பிடித்தது வினை. இரங்கல் செய்தியில் செத்துப்போயிருந்த கணக்கு வாத்தியார் கைத்தடியோடு வந்தார். தோற்ற வேட்பாளர், 'படுதோல்வி' அல்ல, வெறும் தோல்விதான் என்று வாதாடினார். கடைசியில் ஆசிரியரின் மாமியாரே, எப்போதோ சமையல் போட்டியில் பரிசு வாங்கிய செய்தியில் வயதைக் கூட்டிப் போட்டார்கள் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

நிருபர் எல்லாவற்றையும் விசாரித்தார். மாமியார் சொன்னது உண்மைதான். ஆசிரியர் கெஞ்சியும் கேட்காமல், படத்தோடு போட்டார்.