மேசைக்கு அடியில் கேட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். என் வகுப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. கோபம் வந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள். அவளுக்காகவே மூளையைப் பற்றி ஒரு பாடம் தயார் செய்தேன்.

"நம்ம மூளைக்குள்ள ஒரு காவல்காரர் இருக்காரு. பயமோ கோபமோ வந்தா மணி அடிப்பாரு. அந்தச் சத்தத்துல யோசிக்கிற மூளைக்கு ஒண்ணும் கேக்காது. மெதுவா மூச்சு விட்டா மணி நின்னுரும்," என்றேன். பிள்ளைகள் உற்சாகமாக மூச்சை இழுத்து விட்டார்கள். அவள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

பெற்றோர் தினத்துக்கு முதல் நாள், வகுப்பே ஒரு வாரமாக வரைந்து ஒட்டிய பெரிய படத்தை அவள் சரக்கென்று கிழித்துவிட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "உனக்கு அறிவே இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவள் மேசைக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டேன், கெஞ்சினேன். வரவில்லை.

மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போனதும் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"டீச்சர் கத்துனது தப்புமா. சாரி. என் தலைக்குள்ளயும் மணி அடிச்சிருச்சு."

அவள் காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். "உங்களுக்கும் அடிக்குமா டீச்சர்?"

"எல்லாருக்கும் அடிக்கும்மா."

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். நீங்க என்னையே பார்த்து சொன்னீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஏன் கிழித்தாய் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். படத்தில் அவள் வரைந்திருந்த அம்மாவின் முகத்தின் மேல் யாரோ காகிதப் பூவை ஒட்டிவிட்டார்களாம். அந்த அம்மாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் கிளம்பினால், பிள்ளை தூங்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் படத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

இருவருமாகப் படத்தை ஒட்டினோம். அம்மாவின் முகத்தை அவளே மறுபடி வரைந்தாள். அவளுடைய கோபம் அன்றோடு போய்விடவில்லை. ஆனால் சில வாரங்களில், எதையாவது எறிவதற்கு முன்பே என்னிடம் ஓடிவந்து, "டீச்சர், மணி அடிக்கப் போகுது லா," என்று சொல்ல ஆரம்பித்தாள். இருவரும் சேர்ந்து மூச்சு விடுவோம்.

ஒரு பிள்ளையை மட்டும் திருத்த நினைத்து நடத்தும் பாடம் அந்தப் பிள்ளைக்குக் குற்றச்சாட்டாகவே கேட்கும் என்று அன்று புரிந்துகொண்டேன். கோபத்தைப் பற்றி எந்தப் பிள்ளையிடம் பேசினாலும் இன்றுவரை என் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.