வலை போன பிறகு

"தள்ளி வீசுய்யா! தண்ணி இவ்வளவு கிடக்கு, என் நூல் மேலதான் விழணுமா?"

பக்கத்து ஆளிடம் கத்திக்கொண்டே, சிக்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிறார் ஃப்ரிட்ஜ்காரர். ஞாயிற்றுக்கிழமை. முகத்துவாரத்துச் சுவர் நெடுக, தோளோடு தோள் இடிக்கத் தூண்டில்காரர்கள்.

மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஃப்ரீசரைத் திறக்கும்போது உள்ளே மீன் இருந்துவிட்டால் போச்சு. "இது வலையில வந்ததா?" என்று வீட்டம்மாவை அதட்டுவார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். ஸ்பேனரை ஆட்டி ஆட்டிப் பேச்சு தொடங்கிவிடும். "குஞ்சு குளுவான் விடாம அள்ளிட்டுப் போறானுங்க. நமக்கு மிஞ்சறது பாசிதான்!"

இங்கே வலை போடக் கூடாது என்று தூண்டில்காரர்களைத் திரட்டிப் போராடியவர் இவர்தான். இதே தண்ணீரில் வலை போட்டுப் பிழைத்தவர் இவருடைய மனைவியின் தம்பி. தடை வந்தது. மச்சினன் படகை விற்றுவிட்டு ஐஸ் ஆலையில் கட்டி தூக்கப் போனார். அக்காள் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. அக்காளும் சும்மா இருக்கவில்லை. "என் தம்பி வாயில மண்ணைப் போட்டுப் பிடிக்கிற மீனை என் கையால தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஞாயிறு மாலைகளில் இவரே செதில் உரசி, இவரே பொரித்து, தனியாக உட்கார்ந்து தின்கிறார்.

"இப்ப மீன் கூடியிருக்குல்ல?" என்று, வேடிக்கை பார்க்கப் போன நான் அவர் வாளியை எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"கூடியிருக்கு. ஆளும் கூடியிருக்கே! வலை போச்சுன்னதும் கண்டவனெல்லாம் தூண்டில் வாங்கிட்டான். முன்னாடி ரெண்டு பிடிச்சா ராஜா மாதிரி வீட்டுக்குப் போவேன். இப்ப அஞ்சு பிடிச்சாலும் பக்கத்துல இருக்கிறவன் ஏழு வச்சிருக்கான். அப்பல்லாம் வெறுங்கையோட போனா மச்சானைத் திட்டலாம். இப்ப யாரைத் திட்டறது? நீங்களே சொல்லுங்க!"

சட்டம் போட்டதே நான்தான் என்பதுபோல் என் மேல் பாய்ந்தார்.

பொழுது சாயும் நேரம் ஐஸ் ஆலையில் வேலை முடிந்தது. நனைந்த சட்டையோடு ஆட்கள் சுவரை ஒட்டிய பாலத்தில் நடந்தார்கள். மச்சினனும் வந்தார். ஃப்ரிட்ஜ்காரர் வாளிக்குள் கைவிட்டு, அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரிய கொடுவாவைச் செவுளில் பிடித்துத் தூக்கினார்.

"டேய் மச்சான்! எடுத்துட்டுப் போடா!"

மச்சினன் நடை மாறவில்லை.

"உன்னைத்தான்டா! காது அடைஞ்சு போச்சா?"

சுவர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாலத்தைத் தாண்டி அந்த நனைந்த முதுகு மறைந்துபோயிற்று. மீனிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சட்டைக்குள் இறங்கியது. தூக்கிய கையை அவர் இறக்கவே இல்லை.