தொழில்: இல்லை

இராசமணி அக்கா இறந்த செய்தியை அவருடைய தங்கை சைக்கிளில் வந்து சொன்னார். மூச்சிழுப்புக் கடுமையாகியிருக்கிறது. தீவிலிருந்து கடல் கடக்கும் பண்ணைப் பாதை சண்டையில் மூடிக் கிடந்ததால் யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனி நான் எழுதுவதை யார் பார்ப்பார்கள்?

வெளிநாடுகளில் அகதி விண்ணப்பம் கொடுத்த பிள்ளைகளின் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் வேலை. மண்கும்பானில், மகள் உறங்கும் நேரங்களில், குசினி மேசையில் தனியே செய்கிறேன். பட்டம் இருந்தது, சந்தேகம் கேட்க ஆள் இருக்கவில்லை. வேலை கொண்டுவந்த தாய் ஒருவர்தான், "நாரந்தனையில ஒரு அக்கா இருக்கிறா, முந்தி அரசாங்கக் கச்சேரியில மொழிபெயர்ப்பாளர். ஒருக்காக் காட்டுமன்" என்றார்.

அந்தத் தாயின் மகனுடைய பிறப்புச் சான்றிதழில் ஆண்டு பிழை. தாய் சொன்ன சரியான ஆண்டை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், உதவி என்று நினைத்து.

"இது ஆர் திருத்தினது?" என்று கேட்டார் இராசமணி அக்கா.

"நான்தான் அக்கா. தாய் சொன்னவ."

"நீர் என்ன, பதிவுகாரரோ? மூலத்தில பிழையெண்டா பிழையாத்தான் பெயர்க்கவேணும். ரண்டு கடுதாசியும் ஒத்துவராட்டிக் கள்ளக் கடுதாசி எண்டு பெடியனைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். சரியானது தெரிஞ்ச ஆள் வேற தாளில தனியா எழுதிக் கையெழுத்து வைக்கட்டும்."

எழுதிய தாளை இரண்டு கையாலும் மூடினேன்.

"பயந்திட்டீரோ?"

"ஓம் அக்கா."

"நல்லது. பயம் விட்டுப்போற அண்டைக்கு இந்த வேலையை விட்டிடும்."

பிறகு அவர் பார்க்காமல் ஒரு தாளும் வெளியே போகவில்லை. நான் வாசிப்பேன், அவர் மூலத்தில் விரல் வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் ஆமி ஹெலிகொப்டர் தாழப் பறந்தது. மகளை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தேன். அக்காவும் புகுந்தார், சான்றிதழோடு.

"இஞ்சையும் வெளிச்சம் இருக்குத்தானே. பிறந்த திகதி என்ன? வாசியும்."

கனடாவிலிருக்கும் அவருடைய மகள், தாயின் மரணச் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். போன கிழமை அது என்னிடம் வந்தது. பெயர் சரி. வயது சரி. தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. கோபத்தில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதினேன். உடனே அந்த விரல் என் வரியில் வந்து நின்றதுபோல் இருந்தது. வெட்டிவிட்டு, மூலத்தில் உள்ளபடியே எழுதினேன். வாசித்துக் காட்ட ஆளில்லை; மடியிலிருந்த மகளுக்கு வாசித்தேன்.

சரியானது தெரிந்தவர் தனியாக எழுதட்டும் என்று சொன்னவர் அவர்தான். அவரை அறிந்தவர்களே, அதனால் இதை எழுதுகிறேன்: இராசமணி அக்காவின் தொழில் மொழிபெயர்ப்பு. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம். அதை வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்து வைக்கும்போதும் அது இருக்கிறது.

நல்லது.