சிவப்பு ஸ்விட்சும் ஈரக்காலும்

அனூப், திவ்யா, இதை இரண்டு பேரும் படிக்க வேண்டும். மலையாளம் என்றால் உங்களுக்கு ஓடும், தமிழ் என்றால் நொண்டும். தெரியும். நொண்டியாவது படியுங்கள். எனக்கும் மலையாளம் எழுத வரும்தான். ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ் தவிர வேறு எதுவும் வருவதில்லை. இப்போது கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கம்ப்யூட்டர் ஓடவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு இல்லை, சத்தம் இல்லை. அனூப், நீ அழுத்திப் பார்த்தாய், பிறகு குத்திப் பார்த்தாய். அதற்கும் அசையவில்லை என்றதும் அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாய்.

"அம்மா! இதுல எதை நோண்டின?"

அம்மா கையில் மாவோடு வந்தாள். "நான் ஒண்ணும் தொடலைடா. மேல தூசி துடைச்சேன், அவ்வளவுதான்."

"அதான் பாத்தியா, தொடைச்சிருக்கா. அம்மா கை பட்டா எது உருப்படும்?" இது நீ, திவ்யா. சிரித்துக்கொண்டே நோட்டுத் தாளைக் கிழித்து, "அம்மே, தொடல்லே" என்று மலையாளத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியும் வரைந்து, கம்ப்யூட்டர் நெற்றியில் பசை போட்டு ஒட்டினாய். 'அம்மா, தொடாதே.' வேடிக்கைக்குத்தான். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் அவள் அந்த மேசையைக் கடந்து போனபோதெல்லாம் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள், அங்கே பாம்பு படுத்திருப்பதுபோல. நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்த நடை எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மட்டாஞ்சேரி பஜாரில் கம்ப்யூட்டர் என்ற பொருளையே பலரும் பார்த்திராத காலத்தில், எண்பதுகளின் கடைசியில், அதை ஓட்டத் தெரிந்த ஒரே பெண் உங்கள் அம்மா. இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நேற்றோடு அந்தச் சத்தியம் போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு மிளகுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் சாம்பிள் எடுக்கிறவன். மூட்டையில் குத்தூசியைச் சொருகி, வருகிற மிளகைத் தட்டில் கொட்டி, ஊதி, கடித்துப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்குக் கிடைத்த வித்தை அது. உங்கள் அம்மா சாரதா டைப்பிஸ்ட். மிளகுத் தூசியில் நான் நாள் முழுக்கத் தும்முவேன், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் தலை நிமிராமல், "இன்னைக்கு எத்தனாவது தும்மல்?" என்பாள். எங்கள் காதல் கதை ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒருநாள் தள்ளுவண்டியில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. சுமட்டுக்காரர்கள், அதாவது பஜாரில் பாரம் தூக்குகிற ஆட்கள், அதைத் தலையில்தான் ஏற்றுவோம் என்றார்கள். உள்ளே கண்ணாடி இருக்கிறது என்று நான் பதறினேன். அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, "தம்பீ, எங்க தலைக்குள்ளயும் மூளைதான் இருக்கு, இதுவரைக்கும் ஒடைஞ்சதில்ல" என்றார். பெட்டி பத்திரமாக மாடி ஏறியது. அதற்காக ஒரு அறை, அறைக்கு ஏசி, ஜன்னலுக்குத் திரை. முதலாளி பூசாரியை வரவழைத்துத் திரைக்குச் சந்தனம் வைத்தார். கம்ப்யூட்டர் திரைக்குத்தான். பச்சை எழுத்துக்கள் கொஞ்ச நாள் சந்தனத்துக்குப் பின்னாலிருந்துதான் எங்களுக்குத் தரிசனம் தந்தன.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. செருப்பைக் கழற்றி, வாசலில் வைத்திருக்கும் வாளித் தண்ணீரில் காலைக் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். மிளகுத் தூசி மெஷினுக்கு ஆகாதாம். முதலாளியே எழுதி ஒட்டிய சட்டம். துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு கிடக்கும். அதுவும் மழைக்காலத்தில் ஈரச்சாக்கு.

டைப் தெரிந்த கை என்று சாரதாவைத்தான் எர்ணாகுளத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். தினமும் போட்டில் போய் வந்தாள். போட்டில் உட்கார்ந்து மடியிலேயே விரலை ஓட்டிப் பழகுவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதோ ஜபம் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து இடம் விட்டதாகச் சொல்வாள். திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவள் முகத்தில் இருந்த களையை நீங்கள் இதுவரை பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் செய்தது யார் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலாளியின் மூத்த மகளைக் கட்டியவர் ஜெயன் சார். கம்பெனியில் அவருக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு. மழைக்காலம். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டால் கரண்டு இளைத்துவிடும். பல்பு ஆரஞ்சுப் பழம்போல மினுங்கும். அப்போது மெஷினுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரின் ஊசி கீழே விழுந்து, அது 'டக்' என்று தானே அணைத்துக்கொள்ளும். சாரதா அதைப் பார்த்ததும் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அன்றும் கிளம்பிவிட்டாள். அப்போது பார்த்து பம்பாய் வியாபாரி ஒருவர் வந்தார். ஜெயன் சாருக்கு அவரிடம் கம்ப்யூட்டரைக் காட்டியே ஆக வேண்டும்.

நான் சாம்பிள் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். ஜெயன் சார் ஸ்டெபிலைசரிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுவரிலேயே நேராகச் சொருகினார். மெஷின் எழவில்லை. பின்பக்கம் குனிந்து தேடி, பேனா முனையால் எதையோ தள்ளினார். 'பீப்' என்றது. பச்சை எழுத்து வந்தது. "கண்டோ? மூளை வேணம், மூளை!" என்று பம்பாய்க்காரர் முதுகில் தட்டினார். அவர் போனதும் ஒயரைப் பழையபடி ஸ்டெபிலைசரில் சொருகிவிட்டார். பேனா முனையால் தள்ளியதைத் திருப்பி வைக்கவில்லை. மறந்தாரோ, அதைத் திருப்ப வேண்டும் என்றே தெரியாதோ.

மறுநாள் காலை. நல்ல மழை. சாரதா குடையை மடக்கி, செருப்பை விட்டு, காலைக் கழுவி, உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டாள். விஷு அன்றைக்கு வெடிக்கிற படக்கம்போல ஒரு வெடி. புகை. நான் ஓடினேன். கருகிய மீனும் எரிந்த ரப்பரும் கலந்த நாற்றம். கிடங்கு நிறைய இருந்த மிளகாலும் சுக்காலும் அதை அமுக்க முடியவில்லை. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் ஸ்விட்சுதான் போட்டேன். வேற ஒண்ணும் தொடலை" என்றாள்.

ஜெயன் சார் வந்தார். மெஷினைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து நாற்காலி வரை ஈரக் கால்தடம்.

"நனஞ்ச காலோட உள்ளே கேறி தொட்டிருக்கா! போயி, எல்லாம் போயி!"

அந்தச் சத்தம் பஜாரின் அடுத்த முனை வரை கேட்டது. சாயாக்கடையில் மத்தியானத்துக்குள் கதைக்குக் கைகால் முளைத்துவிட்டது. அவள் தலையில் எண்ணெய் சொட்டியது, பூ உள்ளே விழுந்தது, பெண் தொட்டதே குற்றம் என்று ஆளுக்கு ஒன்று. காலைக் கழுவச் சொல்லி ஒட்டியிருந்த காகிதம் கதவில் அப்படியே இருந்தது. யாருக்கும் அதைப் படிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் எர்ணாகுளத்திலிருந்து எஞ்சினியர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனுஷன். கால்தடக் கதையை ஜெயன் சார் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு டேபிள் லைட்டைச் சுவரில் சொருகிப் பார்த்தார்: எரிந்தது. ஸ்டெபிலைசரில் சொருகிப் பார்த்தார்: எரிந்தது. ஒயரைக் கழற்றி அதன் இரண்டு முனையையும் சோதித்தார்: சரி. அதற்குப் பிறகுதான் மெஷினைத் தொட்டார். பார்த்துக்கொள், அனூப். சுவரிலிருந்து தொடங்கினார். ஆளிலிருந்து தொடங்கவில்லை.

மூடியைத் திறந்து, கரண்டு நுழைகிற தகரப் பெட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு மெஷினைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு ஸ்விட்ச். நம் ஊர்க் கரண்டுக்கு ஒரு பக்கம், அதில் பாதி கரண்டு உள்ள வெளிநாட்டுக்கு மறுபக்கம். அது வெளிநாட்டுப் பக்கம் இருந்தது. சாயங்காலத்து இளைத்த கரண்டுக்கு அப்படி ஓடியிருக்கிறது. ஸ்டெபிலைசர் வழியாக முழுக் கரண்டு வந்ததும் வெடித்திருக்கிறது.

"இது ஆரா மாத்தியது?" என்றார் எஞ்சினியர்.

நான் பேசினேன். "ஜெயன் சார் முந்தாநாள் சாயங்காலம் பேனாவால இதைத் தள்ளினாரு. நான் வாசல்ல நின்னு பார்த்தேன்."

ஜெயன் சார் என் பக்கம் திரும்பினார். "தன்டெ பணி மிளகுல குத்துறதோ, என்னெக் குத்துறதோ?"

எஞ்சினியர் சிரிக்கவில்லை. "கால் நனஞ்சா இது பொட்டூல்லா, சாரே" என்றார். கால் ஈரத்துக்கும் இந்த வெடிக்கும் சம்பந்தமே இல்லை என்று அர்த்தம். தகரப் பெட்டியை மட்டும் மாற்றி வேறு வைத்தார். மெஷின் 'பீப்' என்று எழுந்தது. உள்ளே இருந்த கணக்கு ஒன்றுகூட அழியவில்லை. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி இதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. புரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

எஞ்சினியர் போனதும் சாரதாவைக் கூப்பிட்டார். நானும் நின்றேன்.

"மோளே, எனிக்கு மனசிலாயி. ஆனா மருமகன்டெ பேரு பஜாரில் சொல்ல முடியுமோ? ஆளுகள் ஏற்கெனவே ஒண்ணு சொல்லிட்டாங்க, அது அங்ஙனே கிடக்கட்டும். நீ சாம்பிள் பொட்டலத்துக்கு அரக்கு வை. சம்பளம் குறைக்க மாட்டேன்."

தாராள மனசு என்றே நினைத்துக்கொண்டு சொன்னார், பிள்ளைகளே! சீல் வைக்கிற அரக்கு! மெழுகுவர்த்தியில் உருக்கிப் பொட்டலத்தில் சொட்டுகிற வேலை!

உங்கள் அம்மா அழவில்லை. "காலைக் கழுவச் சொன்னது நீங்க. ஈரம்னு பழி போட்டது நீங்க. நாளைக்கு எதைக் கழுவிட்டு வரணும்னும் சொல்லிடுங்க, மொதலாளி" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். குடையை விரிக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் அந்த அறை வாசலில் புதுக் காகிதம் ஏறியது, ஸ்திரீகள் உள்ளே வரக் கூடாது என்று. ஜெயன் சாரின் சித்தப்பா மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். காலைக் கழுவினானா என்று கேட்கிறீர்களா? செருப்போடு போனான்.

அவள் வேறு கம்பெனிகளுக்குப் போய்க் கேட்டாள். மெஷின் இருந்த இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிச்ச குட்டியல்லே?" கம்ப்யூட்டரை வெடிக்க வைத்த பெண்தானே என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் போவதை நிறுத்தினாள். நானும் மிளகுக் கம்பெனியை விட்டு அரிசிக் கடையில் வேலை தேடிக்கொண்டு, தும்மல் நின்ற பிறகு, அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டேன். உங்களுக்காக இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று, "நீ முதல்ல உக்காரு" என்றேன். "பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து தூசி மட்டும் துடைக்கிறாள். அந்தத் துடைப்பில் எவ்வளவு கவனம் இருக்கிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்கூடம் போனதும் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் நடந்தேன். அந்தக் கம்பெனி இப்போது பழைய பொருள் கடை. நாங்கள் மிளகு கொட்டிய கிடங்கில் பித்தளை விளக்கும் மரப்பெட்டியும் வெள்ளைக்காரருக்கு விற்கிறார்கள். மிளகு மணம் இல்லை. மாடிக்குப் போகும் படியும் இல்லை, இடித்துவிட்டார்கள். முதலாளி போய்ச் சேர்ந்தார், ஜெயன் சார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலக் கரண்டுகூட இப்போதெல்லாம் அவ்வளவு இளைப்பதில்லை. எல்லாம் போயிற்று. அவள் மீது சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் பத்திரமாக என் வீட்டுக்குள் வந்து, என் பிள்ளைகள் வாயில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து நானும் சுவரிலிருந்து தொடங்கினேன். சுவரில் கரண்டு இருந்தது. மேசையை நகர்த்திப் பின்பக்கம் பார்த்தேன். மெஷினில் சொருகுகிற ஒயர் பாதி வெளியே வந்து தொங்குகிறது. அனூப், முந்தாநாள் ஸ்பீக்கருக்காக மேசையை இழுத்தது யார்? நான் அதைச் சொருகவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். நீ குனிந்து, கண்ணால் பார்த்து, உன் கையால் சொருகு. சொருகிவிட்டு, பொத்தானை அழுத்தும் முன் அடுக்களைக்குப் போ. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித்தர மாட்டேன்.

அம்மா கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் நெற்றியிலிருந்த காகிதத்தை நகத்தால் மெல்லக் கிளப்பிக் கிழித்து எடுத்தேன். பசை விடவில்லை. தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுக்கொண்டு வந்து, பிசுபிசுப்புப் போகும்வரை தேய்த்துக்கொண்டிருந்தேன்.