கர்னல் முன்னால் கழற்றாத ஷூ

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து வந்தவர். சர்க்கரையால் அவருடைய வலது பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. முன்னாள் ராணுவத்தினருக்கான எங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கென்று பெரிய டாக்டர் கிடையாது. தூரத்து ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து கர்னல் பதவியில் உள்ள ஒரு டாக்டர் வீடியோவில் பார்ப்பார் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அன்று எங்கள் ஊர் பரளச்சியில் பஸ் ஏறும் முன்பு, இவர் புண்ணில் துணியைச் சுற்றி, அதன் மேல் பாலிஷ் போட்ட ஷூவை மாட்டினார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு வாங்களேன், அவுக புண்ணப் பாக்கணும்ல" என்றேன்.

"கர்னல் முன்னாடி செருப்போடயா? ஒனக்கு என்னடி தெரியும்?"

ஆஸ்பத்திரியில் வைத்திருந்த திரையில் டாக்டர் சீருடையோடு வந்ததும் இவர் விறைப்பாக எழுந்து நின்றார். டாக்டர் தமிழர்தான். "புண்ணைக் காட்டுங்க" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"ஆறிருச்சு சார். நல்லா இருக்கேன் சார்!"

டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். முந்தின நாள் அந்தத் துணியில் சீழைப் பார்த்தவள் நான். ஆனால் வெளியாள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. இல்லை என்று தலையாட்டினேன். டாக்டர் பழைய மாத்திரையையே எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில், "நல்லவேள, நீ ஒண்ணும் ஒளறல" என்று இவர் என்னை மெச்சினார். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் மதுரையில் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சொல்லல. நீயாச்சும் வாயத் தொறந்திருக்கக் கூடாதா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்போதும் நான் பேசவில்லை.